செல்போனில் வரும் கடன்

 

இன்றைய பேச்சு கடனைப் பற்றியது. கடன் புதிய சங்கதி இல்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டில் நோய், விதை, உரம், கல்யாணம் என்று கை நீட்ட வேண்டிய நாள் எல்லோருக்கும் வருகிறது.

முன்பு கடன் கொடுப்பவர் யார் என்று தெரியும். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியும். வட்டி அதிகம் என்றாலும் பேசிப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். இன்று கடன் செல்போனுக்குள் வருகிறது. கொடுப்பவர் முகம் தெரியாது. ஊர் தெரியாது. சொல்லும் பெயர் உண்மையா என்பதும் தெரியாது.

"ஐந்தே நிமிடத்தில் லோன். ஜாமீன் வேண்டாம். ஆதாரும் பான் கார்டும் போதும்." இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. விரலால் தொட்டால் ஓர் ஆப் செல்போனில் இறங்குகிறது. ஆப் என்பதைச் செயலி என்றும் சொல்வார்கள்.

இந்தக் கடன் சட்டப்படி சரியானதா? ஒரு மாநிலத்தில் சரி, இன்னொரு மாநிலத்தில் தவறு என்று உண்டா? மிரட்டினால் எங்கே போவது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடன் எப்படி வளர்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஹைதராபாத் நகரின் ஓரத்தில் தையல் வேலை செய்யும் ஒரு பெண். கூலி வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல். கையில் பணம் இல்லை. ஓர் ஆப்பில் 5,000 ரூபாய் கடன் கேட்கிறார்.

ஆப் சில கேள்விகள் கேட்கிறது. "உங்கள் போனில் உள்ள பெயர்களையும் எண்களையும் பார்க்கலாமா? படங்களைப் பார்க்கலாமா?" அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "சரி" என்று அழுத்துகிறார். அவருடைய அண்ணன், தங்கை, முதலாளி, மகனின் ஆசிரியர் எல்லோருடைய எண்களும் முகம் தெரியாத யாரோ ஒருவர் கைக்குப் போய்விடுகின்றன.

பணம் வருகிறது. ஆனால் 5,000 வரவில்லை. 3,500 ரூபாய்தான் வருகிறது. மீதி 1,500 ரூபாயை "சேவைக் கட்டணம்" என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் 5,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கைக்கு வந்தது 3,500. திருப்பிக் கட்ட வேண்டியது 5,000. ஏழு நாளைக்கு 1,500 ரூபாய் வட்டி. நூறு ரூபாய்க்கு ஒரு வாரத்தில் சுமார் 43 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 52 வாரம். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி 2,200 சதவீதத்துக்கு மேல் போகிறது.

ஊரில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்பார்கள். அது ஆண்டுக்கு 24 சதவீதம். அந்த வட்டிக்கு 3,500 ரூபாயை ஏழு நாள் வைத்திருந்தால் எவ்வளவு ஆகும்? சுமார் 16 ரூபாய். பதினாறு ரூபாய் எங்கே, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எங்கே?

ஏழாம் நாள் அந்தப் பெண்ணால் 5,000 கட்ட முடியவில்லை. "1,500 கட்டினால் இன்னும் ஒரு வாரம் தவணை" என்கிறார்கள். கட்டுகிறார். மறு வாரமும் கட்டுகிறார். நான்கு வாரத்தில் 6,000 ரூபாய் கட்டிவிட்டார். ஆனால் கடன் 5,000 அப்படியே நிற்கிறது. அதை அடைக்க இன்னொரு ஆப்பைக் காட்டுகிறார்கள். ஒரு கடன் இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது.

தெலங்கானாவில் நடந்தது

2020ஆம் ஆண்டு கொரோனா காலம். வேலை இல்லை, கூலி இல்லை. பலர் இப்படிப்பட்ட ஆப்களில் கடன் வாங்கினார்கள். கட்ட முடியாதபோது மிரட்டல் தொடங்கியது. காலை முதல் இரவு வரை போன். கெட்ட வார்த்தை. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் "இவர் திருடர்" என்று வாட்ஸ்ஆப் செய்தி. சிலருடைய படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பினார்கள்.

அந்த ஆண்டின் கடைசியில் தெலங்கானாவில் சிலர் அவமானம் தாங்காமல் உயிரை விட்டார்கள். கடன் சில ஆயிரம் ரூபாய். போனதோ உயிர்.

காவல்துறை விசாரித்தது. கடன் வாங்கியவர்கள் ஹைதராபாத் பக்கம். மிரட்டிய கால் சென்டர்களோ ஹைதராபாத்தில் மட்டும் இல்லை. ஹரியானா மாநிலத்தில் உள்ள குருகிராமிலும் இருந்தன. பலர் கைதானார்கள். அவர்களில் சீன நாட்டவரும் இருந்தார்கள்.

2020 டிசம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. பிறகு ஒரு குழுவை அமைத்தது. 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சுமார் 1,100 கடன் ஆப்கள் இந்திய மக்களுக்குக் கிடைத்தன என்று அந்தக் குழு கண்டது. அவற்றில் 600 சட்ட விரோதமானவை. அதாவது, பாதிக்கு மேல்!

எந்த மாநிலத்தில் எந்தச் சட்டம்?

இந்திய அரசியல் சட்டம் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. வங்கித் தொழில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் தனியாரைக் கட்டுப்படுத்துவது மாநில அரசின் பட்டியலில் இருக்கிறது.

அதனால் மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கேரளத்தில் 1958ஆம் ஆண்டின் சட்டம். மகாராஷ்டிரத்தில் 2014ஆம் ஆண்டின் சட்டம். கொடிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லும் கர்நாடகத்தில் 2004லும் தனிச் சட்டங்கள் வந்தன. வட்டிக்கு விடும் தனியார் அந்தந்த மாநிலத்தின் உரிமம் பெற வேண்டும். எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வேறு வகை. நிதி நிறுவனம் நடத்த ரிசர்வ் வங்கியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த நிறுவனம் நாடு முழுவதும் கடன் கொடுக்கலாம். இவற்றுக்கு மாநில வட்டிக்கடைச் சட்டமும் பொருந்துமா என்று நீண்ட நாள் வழக்கு நடந்தது. 2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்குக் கேரளச் சட்டமும் குஜராத் சட்டமும் பொருந்தாது. அவற்றை ரிசர்வ் வங்கியே கட்டுப்படுத்தும். இதுதான் தீர்ப்பு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆப் என்பது வெறும் வாசல். வாசலுக்குப் பின்னால் பணம் கொடுப்பவர் யார் என்பதுதான் முக்கியம். அவர் வங்கியாகவோ பதிவு பெற்ற நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் மாநில உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். இதில் எதுவுமே இல்லாதவர் வட்டித் தொழில் நடத்துவது சட்டத்துக்கு விரோதம். "எங்கள் ஆபீஸ் வேறு மாநிலத்தில் இருக்கிறது, உங்கள் சட்டம் எங்களைத் தொடாது" என்று சொல்வது வெறும் பூச்சாண்டி.

மிரட்டுவதற்கு யாருக்கும் உரிமம் இல்லை. பதிவு பெற்ற நிறுவனத்துக்கும் இல்லை. கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சிறு கடன் வாங்கியவரைக் கொடுமைப்படுத்தி வசூலித்தால் 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2025 ஏப்ரலில் இதே நோக்கத்தோடு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தனிச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் மிரட்டிப் பணம் பறிப்பது குற்றமே. பாரதிய நியாய சம்ஹிதா என்ற சட்டம் அதற்குத் தண்டனை சொல்கிறது.

கடன் வாங்குபவரின் உரிமைகள்

செல்போன் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் வகுத்தது. 2025 மே மாதம் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. அவற்றில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

பணம் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். நீங்கள் கட்டும் பணமும் அந்த நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். யாரோ ஒரு தனி ஆளின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

உங்கள் போனில் உள்ள எண்கள், படங்கள், பேசிய விவரம் ஆகியவற்றை ஆப் தொடக் கூடாது. உங்களை அடையாளம் காண, உங்கள் சம்மதத்தோடு, ஒரு முறை கேமரா போன்றவற்றைக் கேட்கலாம். அவ்வளவுதான்.

கடன் வேண்டாம் என்று மனம் மாறினால் வெளியே வர வழி உண்டு. குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். அந்த அவகாசத்துக்குள் அசலையும் அத்தனை நாள் வட்டியையும் கட்டினால் போதும். அபராதம் கிடையாது. முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு சிறு கட்டணம் மட்டும் பிடிக்கலாம்.

வசூல் செய்பவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்யக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு தாள். அதற்கு "முக்கிய விவர அறிக்கை" என்று பெயர். எவ்வளவு கடன், கைக்கு எவ்வளவு வரும், என்னென்ன கட்டணம், மொத்தத்தில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம், புகார் கேட்கும் அதிகாரி யார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வாங்க முடியாது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஒடிசாவில் ஒடியா, வங்கத்தில் வங்காளி, இங்கே தமிழ். இது சலுகை இல்லை, உரிமை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். "தமிழில் தாருங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடனே வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் வட்டி குறைவு என்று அர்த்தம் இல்லை. இந்த நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வட்டி வரம்பை ரிசர்வ் வங்கி வைக்கவில்லை. வட்டியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் விதி. சொன்னதைப் படித்துக் கணக்குப் பார்ப்பது வாங்குபவரின் கையில் இருக்கிறது.

வாங்கும் முன் என்ன பார்ப்பது?

ஆப்பில் கடன் கொடுக்கும் வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பெயர் இருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த இணைய பக்கத்தில் இந்த ஆப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணைய பக்கத்திலும் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. பார்க்கத் தெரியாவிட்டால் வங்கியில் கேளுங்கள். படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை நிறுவனங்கள் தாங்களே கொடுத்த விவரங்கள். பெயர் இருப்பதால் அது ரிசர்வ் வங்கியின் நற்சான்று ஆகிவிடாது.

"ரிசர்வ் வங்கி அங்கீகரித்தது" என்று முத்திரை போட்ட படத்தை யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். படத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வாட்ஸ்ஆப்பில் வரும் இணைப்பைத் தொட்டு ஆப்பை இறக்காதீர்கள். கடன் தருவதற்கு முன்பே "பதிவுக் கட்டணம் அனுப்பு" என்று கேட்டால் அது ஏமாற்று.

மிரட்டல் வந்தால்

மறுபடியும் அந்தத் தையல்காரப் பெண்ணைப் பார்ப்போம். அவர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. பிறகு மகளிர் குழுத் தலைவியிடம் சொல்கிறார்.

"அக்கா, நாளைக்குப் போலீஸ் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போகும் என்கிறார்கள். என் படத்தை எல்லோருக்கும் அனுப்புவார்களாம்."

"ஏம்மா, கடன் கட்ட முடியாததற்காகப் போலீஸ் பிடிக்காது. மிரட்டுகிறானே, அவனைத்தான் பிடிக்கும். போனை எடு. அவன் அனுப்பியது எதையும் அழிக்காதே. வா, போகலாம்."

தலைவி சொன்னது சரி. கடன் பாக்கி என்பது சிவில் வழக்கு. அதற்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. போனில் "கைது" என்று சொல்பவர் போலீஸ் இல்லை. மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியவை:

1. வந்த செய்தி, போன் எண், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை நீக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

2. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "என் பெயரில் அசிங்கமான செய்தி வரலாம். நம்பாதீர்கள், பதில் சொல்லாதீர்கள்" என்று சொல்லுங்கள். மிரட்டுபவரின் ஒரே ஆயுதம் உங்கள் வெட்கம். நீங்களே சொல்லிவிட்டால் அந்த ஆயுதம் முனை மழுங்கிவிடும்.

3. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் பண மோசடிக்கான உதவி எண். இந்தியா முழுவதும் இதே எண்தான்.

4. பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். "மிரட்டியவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார், அங்கே போ" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, இத்தகைய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

5. கடன் கொடுத்தது பதிவு பெற்ற நிறுவனம் என்றால் முதலில் அதன் புகார் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தி இல்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். செலவு இல்லை.

6. வக்கீல் தேவை என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உதவி உண்டு.

மனம் மிகவும் உடைந்துபோனால் 14416 என்ற எண் இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம். உங்கள் மொழியில் கேட்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடனை நாளைக்கும் அடைக்கலாம். போன உயிர் திரும்பாது.

ஒரு கேள்வி வரும். "வாங்கிய பணத்தைக் கட்ட வேண்டாமா?" பதிவு பெற்ற நிறுவனத்தின் கடனைக் கட்டத்தான் வேண்டும். முடியவில்லை என்றால் எழுத்தில் தவணை கேளுங்கள். திருட்டு ஆப் என்றால், பயந்து பயந்து மேலும் பணம் அனுப்பாதீர்கள். அனுப்ப அனுப்பக் கேட்பார்கள். புகாரைப் பதிவு செய்துவிட்டு, சட்ட உதவி வக்கீல் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

வேறு வழி உண்டா?

உண்டு. மகளிர் சுய உதவிக் குழுவில் சேமிப்பிலிருந்து சிறு கடன் கிடைக்கும். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெயரில் 1998 முதல் லட்சக்கணக்கான பெண்கள் இப்படிச் சேமித்துக் கடன் பெறுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் நகைக்கடன் உண்டு. இவற்றில் ஐந்து நிமிடத்தில் பணம் வராது. ஒரு நாளோ ஒரு வாரமோ ஆகும். ஆனால் நள்ளிரவில் மிரட்டல் வராது.

அவசரம் வந்த பிறகு வழி தேடினால் ஆப்தான் கண்ணில் படும். அவசரம் வருவதற்கு முன்பே குழுவில் சேருங்கள். வாரம் 20 ரூபாய் ஆனாலும் சேமியுங்கள்.

நண்பர்களே! திருட்டு ஆப் நடத்துபவர்கள் இரண்டை நம்பித் தொழில் செய்கிறார்கள். ஒன்று, மக்கள் படிக்காமல் "சரி" என்று அழுத்துவார்கள். இரண்டு, மிரட்டினால் மௌனமாக இருப்பார்கள். நீங்கள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். படியுங்கள். வாய் திறந்து கேளுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது மூன்று நாளாகப் பேசாமல் இருந்தால், போய் என்னவென்று விசாரியுங்கள்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. 3,000 ரூபாய் கடனில் 900 ரூபாயைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது எவ்வளவு? ஒரு வாரத்தில் 3,000 கட்டினால் நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி?

2. ஆப் உங்கள் போனில் எதையெல்லாம் பார்க்கக் கூடாது?

3. 1930, 14448, 15100, 14416: எந்த எண் எதற்கு? எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

4. உங்கள் தெருவில் அவசரக் கடனுக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? குழுவில் கூடிப் பேசுங்கள்.